பொறுமையும் அல்ல, தாய்மையும் அல்ல

என் வீட்டுக்கு வருகிறவர்கள் இரண்டு பாராட்டுகளில் ஒன்றையாவது சொல்லாமல் போவதில்லை. வளையத்தில் மாட்டியிருக்கும் துணியைப் பார்த்தால், “எவ்வளவு பொறுமை உங்களுக்கு!” என்பார்கள். அலமாரி மேலிருந்தும் நாற்காலிக்கு அடியிலிருந்தும் எட்டிப் பார்க்கும் பூனைகளைப் பார்த்தால், “தாயுள்ளம் இருந்தாத்தான் இதெல்லாம் முடியும்” என்பார்கள். நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் முப்பது வருடமாக ஊசியோடும் பதினாறு வருடமாகப் பூனைகளோடும் வாழும் எனக்கு இந்த இரண்டு சொற்களும் பொருந்தியதே இல்லை. நான் பொறுமைசாலி இல்லை. என்னோடு விடைத்தாள் திருத்தியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நான் யாருக்கும் தாயும் இல்லை. ஆகவேண்டும் என்று விரும்பியதும் இல்லை.

பிறகு ஏன் இந்தச் சொற்கள் தவறாமல் வந்து விழுகின்றன? ஒரு பெண் மணிக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து ஒன்றைச் செய்தால் அதற்குப் பொறுமை என்றும், ஓர் உயிருக்குச் சோறு வைத்தால் அதற்குத் தாய்மை என்றும் பெயர் சூட்டிவிட்டால், அதற்குமேல் அவளிடம் எதையும் கேட்கவேண்டியதில்லை. அவளுடைய தேர்ச்சி, செலவு, நேரம், எல்லாவற்றுக்கும் மேலாக அவளுடைய ஆசை, அத்தனையும் அந்தப் பெயருக்குள் மறைந்துபோகும். அவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

ஊசியிலிருந்து தொடங்கலாம். தமிழில் ‘தையல்’ என்றால் தைப்பதும்தான், பெண்ணும்தான். பெண் சொல்வதைக் கேட்காதே என்று ஆத்திசூடி பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும் இடத்தில் பெண்ணுக்கு இட்ட சொல்லும் தையல்தான். வகுப்பில் இதைச் சொன்னால் மாணவிகள் முதலில் சிரிப்பார்கள். பிறகு யாராவது ஒருத்தி, “எழுதினது ஔவையார்தானே மேம்?” என்று கேட்பாள். அந்தக் கேள்விக்காகவே ஒவ்வொரு வருடமும் அதைச் சொல்கிறேன்.

எங்கள் தென்மாவட்டங்களில் பெண்பிள்ளைகளின் பள்ளியும் ஊசிநூலும் சேர்ந்தே வந்தவை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தோடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலிசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடியில் குடியேறியபோது லேஸும் கூடவே அங்கு போனது. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தைத் தொடாமல் தமிழ் முதுகலை முடிக்க முடியாது. நான் படித்தேன், இப்போது நடத்துகிறேன். எலிசா கற்றுக்கொடுத்த லேஸ், நான் எழுதிய எந்தத் தாளிலும் இரண்டு மதிப்பெண் வினாவாகக்கூட வந்ததில்லை. லேஸ் விற்ற வருவாய் பெண்பிள்ளைகளின் படிப்புக்கு உதவியிருக்கிறது. அதே லேஸ் வகுப்பு அவர்களை அடக்கமான மனைவிகளாகவும் பழக்கியிருக்கிறது. கலை வரலாற்றாசிரியர் ரோசிகா பார்க்கர் 1984இல் எழுதிய ‘தி சப்வெர்சிவ் ஸ்டிட்ச்’ என்ற நூலின் சாரமும் இதுதான்: பெண்ணைப் ‘பெண்’ ஆக்குவதற்குப் பூத்தையல் ஒரு கருவியாக இருந்தது, அந்த வார்ப்பிலிருந்து நழுவுவதற்கும் அதுவே பல பெண்களுக்கு வழியாக இருந்தது.

என் அம்மாவுக்குத் தையல் கற்றுக்கொடுத்தது கல்யாணத்துக்காக. அவளுடைய டிரங்குப் பெட்டியில் இன்னும் ஆறு தலையணை உறைகள் இருக்கின்றன. ரோஜாக்கொத்துக்கு நடுவில் ‘குட் நைட்’, கிளிக்குக் கீழே ‘ஸ்வீட் ட்ரீம்ஸ்’. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. எழுத்துகளைப் படமாகப் பார்த்துத் தைத்திருக்கிறாள். பெண் பார்க்க வந்தவர்களிடம் அந்த உறைகளைக் காட்டினார்களாம். கல்யாணத்துக்குப் பிறகு சட்டைப் பொத்தானுக்கும் புடவை ஃபால்ஸுக்கும் தவிர அவள் ஊசியைத் தொட்டதில்லை. ஏன் என்று கேட்டால், “நேரம் எங்கட்டி இருந்துச்சு?” என்பாள். இந்தியாவில் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு அந்தக் கேள்விக்கு ஓர் எண்ணைத் தருகிறது. சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்களை அதற்குக் கொடுக்கிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்கள். அம்மாவின் ரோஜாக்கள் அந்த ஐந்து மணி நேரத்துக்குள்தான் போயின.

அந்த நேரம் எனக்குக் கிடைத்தது. கல்யாணம் வேண்டாம் என்று நான் சொன்னபோது வீட்டில் நடந்த சண்டைகளையும் தாண்டி எனக்குக் கிடைத்த சொத்து இந்த மாலை நேரம்தான். கல்லூரி முடிந்து வந்து, பூனைகளுக்கு வைத்துவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்தால் எட்டரை மணிவரை எனக்கே எனக்கு. எட்டு மீட்டர் கண்டு ஒன்றைப் பிரித்தால் ஆறு இழை ஒன்றாக இருக்கும். இலைக்கு இரண்டு இழை, காம்புக்கு ஒன்று, பழத்துக்கு மூன்று. காம்புத் தையலில் நூலை எப்போதும் ஒரே பக்கம் வைத்திருக்கவேண்டும். மாறினால் கயிறுபோல முறுக்கிக்கொண்டு போகும் கோடு உடைந்துவிடும். கவிதை எழுதும்போது அடுத்த வரி வருமா என்ற தவிப்பு இருக்கும். தையலில் அடுத்த குத்து எங்கே என்று தெரியும். அந்த நிச்சயம் எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்ததைச் செய்வதற்குப் பொறுமை எதற்கு? கிரிக்கெட் பார்க்க ஐந்து நாள் உட்காருகிற ஆண்களை யாரும் பொறுமைசாலி என்று சொல்வதில்லை.

“இதை வச்சு என்ன செய்யப் போறீங்க?” என்பது அடுத்த கேள்வி. இதற்கு ஏற்றுக்கொள்ளப்படும் பதில்கள் இரண்டு: அன்பளிப்பாகக் கொடுக்கப்போகிறேன், அல்லது விற்கப்போகிறேன். “எனக்குத்தான்” என்றால் ஒரு கணம் பேச்சு நின்றுவிடுகிறது.

அந்தப் பதிலைச் சொல்ல முடிவதற்கு என் சம்பளமும் ஒரு காரணம். எதிர்வீட்டுப் பெண் ஆரி வேலை செய்கிறார். கல்யாணச் சட்டைகளுக்கு முத்தும் ஜர்தோசியும் கோத்துக் கொடுக்கிறார். முகூர்த்த மாதங்களில் இரவு ஒரு மணிக்கும் அவர் வீட்டில் விளக்கு எரியும். கடைக்காரர் மணமகளிடம் வாங்கும் தொகையில் அவருக்கு வருவது சிறு பங்குதான். ஒருநாள் என் துணியைக் கையில் எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். வேலை தெரிந்தவர்கள் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். “சுத்தமா இருக்கு டீச்சர்” என்றவர், “உங்களுக்கு இது ஆசை. எனக்கு இது வட்டி” என்றார். பூத்தையல் பெண்ணை விடுதலை செய்கிறது என்று யாராவது மேடையில் பேசும்போது எனக்கு அந்த வரி நினைவுக்கு வரும். ஊசி ஒன்றுதான். யாருடைய நேரத்தில், யாருடைய கணக்கில் அது இறங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இனி பூனைகள். இப்போது பதினொன்று. முதலில் வந்தது சாம்பல். மழைநாளில் கல்லூரி சைக்கிள் நிறுத்தத்தில் கிடந்தது. வட்டாட்சியர் எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும், கிளப்ப முடியாது. வெளிறிய மஞ்சள் நிறத்துக்குப் பசலை என்று பெயர் வைத்ததைத் தமிழ்த்துறைக்கு வெளியே யாரும் ரசிக்கவில்லை. வண்டியில் அடிபட்டு ஒரு காலை இழந்தது முக்கால். கணக்கும் சரி, பெயரும் சரி. கறுப்பும் செம்மஞ்சளும் வெள்ளையுமாகத் துண்டுத்துணிகளைச் சேர்த்துத் தைத்ததுபோல இருப்பது ஒட்டு. இந்த மூவண்ணப் பூனைகள் ஏறக்குறைய எல்லாமே பெட்டை. செம்மஞ்சளா கறுப்பா என்று தீர்மானிக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெட்டைக்கு எக்ஸ் இரண்டு. ஒவ்வொரு செல்லிலும் இரண்டில் ஒன்று வாயை மூடிக்கொள்கிறது. எது என்பது செல்லுக்குச் செல் மாறும். அதனால்தான் அந்தத் திட்டுகள். பெண் பாலூட்டிகளின் உடலில் இப்படி நடக்கிறது என்று 1961இல் சொன்னவர் மேரி லயன் என்ற மரபியலாளர். ஒட்டு வெயிலில் படுத்திருக்கும்போது, ஒரு பெண் விஞ்ஞானி கண்டுசொன்ன உண்மை என் திண்ணையில் கிடந்து தூங்குகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

பூனையோடு வாழும் தனிப்பெண்ணைப் பற்றி ஊரில் ஒரு கதை தயாராக இருக்கிறது. “பிள்ளை இல்லேல்லா, அதான்.” கேலி செய்பவர்களின் கதை இது. பாராட்டுபவர்களின் கதையும் இதேதான்; குரல் மட்டும் கொஞ்சம் இனிமை. இரண்டு பேருக்குமே பெண்ணின் கவனிப்பு என்பது பிள்ளைக்குச் சேரவேண்டிய ஒன்று. அங்கே சேரவில்லையென்றால் வழிந்து வேறெங்கோ ஓடுகிறது, அவ்வளவுதான். என் பூனைகள் யாருக்கும் பதிலாக வரவில்லை. பூனையாகத்தான் வந்தன. பூனையாகத்தான் இருக்கின்றன. கூப்பிட்டால் வருவதில்லை.

பூனையைக் காப்பாற்றுவது அன்பு அல்ல, அறிவு. பால் ஊற்றி வைப்பதை அன்பு என்று நினைக்கிறோம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசும்பால் செரிக்காது, வயிற்றால் போகும். காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் கொடுத்தால் அரை மாத்திரையே ஒரு பூனையைக் கொன்றுவிடலாம். என் இரண்டு வாழ்க்கைகளும் சந்திக்கும் இடத்திலோ ஆபத்து இன்னும் அதிகம். பூனையின் நாக்கில் உள்நோக்கிச் சாய்ந்த முட்கள் இருக்கின்றன. நூல் நாக்கில் பட்டுவிட்டால் துப்பத் தெரியாது, விழுங்கத்தான் முடியும். ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பை வாயிலோ மாட்டிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் போகும். குடல் அதைத் தள்ளத் தள்ள, ஓட்டுத்தையலின் நூலை இழுத்தால் துணி சுருங்குவதுபோலக் குடல் நூலின்மேல் சுருங்கிக்கொள்ளும். நூல் குடலை அறுக்கவும் செய்யும். வாயிலோ பின்பக்கத்திலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் ஒருபோதும் இழுக்கக்கூடாது. அப்படியே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும்.

ஆகவே என் வீட்டில் ஒரு சட்டம். எழுந்திருக்கும்போது நூலும் ஊசியும் மூடியிறுக்கமான பிஸ்கட் டப்பாவுக்குள் போகவேண்டும். வெட்டிய நுனிகளுக்குத் தனி டப்பி. ஊசிகள் ஒன்பது, இரவு படுக்கும் முன் எண்ணுவேன். எட்டு வந்தால் ஒன்பதாவது கிடைக்கும்வரை தூக்கம் இல்லை. காந்தத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே நள்ளிரவில் வீட்டைச் சுற்றி வந்ததுண்டு. இதைப் பார்த்து யாரும் தாய்மை என்று சொல்லமாட்டார்கள். ஆனால் பதினொரு பூனைகளும் உயிரோடு இருப்பதற்கு இந்த எண்ணிக்கைதான் காரணம். உணவு, மணல், தடுப்பூசி எல்லாம் சேர்த்து மாதம் ஒன்பதாயிரம் ரூபாய்க்குக் குறையாது. அதையும் நோட்டில் எழுதுகிறேன்.

தாய்மை என்ற சொல் மறைக்கும் இன்னொன்று அதிகாரம். இந்தப் பூனைகள் எல்லாவற்றுக்கும் நான் கருத்தடை அறுவை செய்வித்திருக்கிறேன். பெட்டைப் பூனை நாலைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். ஒன்பது வாரத்தில் ஈனும். அதே வருடத்தில் திரும்பவும் ஈனும். தெருவில் பிறக்கும் குட்டிகளில் எத்தனை தங்குகின்றன என்பதைத் தினமும் நடந்து போகிறவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அறுவை சரியான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது அவற்றின் உடலின்மேல் நான் எடுத்த முடிவு. அவற்றிடம் கேட்க வழியில்லை என்பதை மறக்காமல் எடுக்கவேண்டிய முடிவு. அதை அன்பின் கணக்கில் எழுதிவிட நான் தயாராக இல்லை.

எட்டுப் பெட்டை, மூன்று கடுவன். கடுவனுக்கு வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும், வயிற்றைத் திறக்கவேண்டியதில்லை. மருத்துவர் இதை விளக்கியபோது எனக்கு மனிதர்கள் ஞாபகம் வந்தார்கள். மனிதர்களிலும் ஆணுக்கான அறுவைதான் எளிது. ஆனால் 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுவரை உள்ள மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்ட அறுவையைச் சார்ந்திருப்பவர்கள் 0.3 சதவீதம். என் கடுவன்கள் மூன்றும் இந்தியக் கணவர்களைவிடப் பொறுப்பாக நடந்துகொண்டன என்று நானும் மருத்துவரும் சிரித்தோம். அவரும் பெண்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன் என் முறை வந்தது. கட்டிகள், இரத்தப்போக்கு, கடைசியில் கருப்பையை எடுத்துவிடலாம் என்றார்கள். நான் சரி என்றேன். மருத்துவமனை முகப்பில் இருந்த பெண், “ஹஸ்பண்ட் வரலையா? யாரு சைன் பண்ணுவா?” என்று கேட்டார். நான்தான் என்றேன். அப்படிச் செய்ய முடியாது, அண்ணன் தம்பி யாராவது வரட்டும் என்றார். 46 வயதில், முனைவர் பட்டத்தோடு, என் சேமிப்பிலிருந்து நானே பணம் கட்டி, என் உடம்புக்குள்ளிருந்து ஓர் உறுப்பை எடுக்க எனக்குக் கையெழுத்து உரிமை இல்லை. 2008இல் உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அவரும் மணமாகாதவர், 44 வயது. மயக்கத்தில் இருந்தவரின் கருப்பையை அவருடைய தாயின் ஒப்புதலைப் பெற்று அகற்றினார்கள். சுயமாக முடிவெடுக்கக்கூடிய, வயதுவந்த பெண்ணுக்குப் பதிலாகத் தாய் கொடுக்கும் ஒப்புதல் செல்லாது என்றது தீர்ப்பு. நான் இதைச் சொன்னேன். முகப்பில் இருந்தவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம்தான் இருந்தது. மாலையில் தம்பி வந்து கையெழுத்துப் போட்டான். என்னைவிட எட்டு வயது இளையவன். அவனுக்கு நடக்கப் பழக்கியதே நான்தான்.

ஆறு வாரம் குனியக்கூடாது, தூக்கக்கூடாது. பதினொரு பூனைகளுக்கு யார் பொறுப்பு? காலையில் ஆரி வேலை செய்யும் பெண் வந்தார். மாலையில், இப்போது பள்ளியில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி வந்தாள். தெருவில் மீன் விற்கும் அக்கா தலையும் வாலும் கொண்டுவந்து, வேகவைத்து, முள் எடுத்து வைத்துவிட்டுப் போனார். நான் மூவருக்கும் சம்பளம் என்றே சொல்லிப் பணம் கொடுத்தேன். “பூனைக்குச் சோறு வைக்கிறதுக்கா காசு டீச்சர்?” என்று எதிர்வீட்டுக்காரர் வாங்க மறுத்தார். “உங்க ஒரு மணி நேரம் ஆரியில எவ்வளவு?” என்று கேட்டேன். யோசித்துவிட்டு வாங்கிக்கொண்டார். ஊசிகளை எண்ணுவதை மட்டும் அவரே விரும்பிச் சேர்த்துக்கொண்டார். என் டப்பாவில் ஒன்பது, அவருடையதில் ஆரி ஊசியும் சேர்த்துப் பதினான்கு. இரண்டையும் எண்ணிவிட்டு, “கணக்கு சரி” என்று வாசலிலிருந்தே குரல் கொடுப்பார்.

படுத்திருந்த நாட்களில் புறநானூற்றின் 326ஆம் பாட்டை மறுபடி படித்தேன். ஊர்வேலியோரம் பதுங்கும் காட்டுப்பூனைக்குப் பயந்து இரவில் இளம் பெட்டைக்கோழி ஒன்று அலறுகிறது. பருத்தியின் குப்பையைப் புடைக்க எழுந்த ஒரு பெண் ஏற்றிய சிறு விளக்கின் ஒளியில் சேவலைக் கண்டு அது அமைதியாகிறது. பாட்டு வேறு எங்கோ போகிறது. நான் அந்த விளக்கடியிலேயே நின்றுவிட்டேன். இருட்டில் தன் வேலைக்காக விழித்திருக்கும் ஒருத்தி, வெளியே ஒரு பூனை. நற்றிணையின் 353ஆம் பாட்டில், மலையில் தவழும் மேகத்துக்கு உவமையாக வருவது ஆண் துணையில்லாத பெண்கள் தம் உழைப்பால் நூற்ற மெல்லிய நூல். அந்த நூலுக்குப் பாட்டில் உள்ள சொல் பனுவல். இன்று பனுவல் என்றால் புத்தகம். நன்னூலோ, நூல் இயற்றும் புலவனையே பஞ்சில் நூற்கும் பெண்ணுக்கு ஒப்பிடுகிறது. அவள் கைதான் அவனுடைய வாய், கதிர்தான் அறிவு. இலக்கணம் எழுத வந்தவர்களுக்குப் புலமையைச் சொல்ல அந்தப் பெண்ணின் கை தேவைப்பட்டது. அவர்கள் அவளுடைய பொறுமையைப் பாராட்டவில்லை. வேலையைக் கவனித்துப் பார்த்திருக்கிறார்கள்.

அவ்வளவுதான் நானும் கேட்பது. இதை வாசிக்கும் பெண்கள் ஊசி எடுக்கவேண்டும், பூனை வளர்க்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அடுத்தமுறை உங்களை யாராவது பொறுமை என்றோ தாய்மை என்றோ புகழ்ந்தால், அந்தச் சொல்லை நீக்கிவிட்டு அங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள். சம்பளம் வரவேண்டிய வேலையா? யாரும் கேட்காமலே நீங்கள் தேர்ந்துகொண்ட ஆசையா? வேறு வழியில்லாமல் தோளில் ஏறிய சுமையா? மூன்றுக்கும் பெயர் வேறு வேறு.

எங்கள் வீட்டு அடுக்களைக் கதவின் உட்புறம் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் எந்தப் பூனை யாரிடம், அதற்கு என்ன உணவு, எப்போது ஊசி, செலவுக்குப் பணம் எந்தக் கணக்கில் என்று எழுதி நான்கு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். முக்காலுக்கு நேரே உள்ள இடம் மட்டும் காலியாக இருக்கிறது. மூன்று பேருமே கேட்கிறார்கள். இன்னும் பேசி முடியவில்லை.